பாட்டு முடிந்தால் இறங்க வேண்டும்

எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ரிடையர் ஆனால், கடைசி நாள் சாயங்காலம் அவருடைய ஸ்டாப் வந்ததும் டிரைவர் வண்டியை ஓரம் கட்டி என்ஜினை அணைத்துவிடுவார். ஒருவர் பாடுவார். பாட்டு முடிகிறவரை வண்டி நகராது. முடிந்ததும் ரிடையர் ஆனவர் எழுந்து இறங்கிவிட வேண்டும். பின்னால் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்துத் தீர்ப்பார்கள். அடிக்கட்டும். ஆயுசில் பாதியை இரும்போடு கழித்துவிட்டு வீட்டுக்குப் போகிற மனுஷனுக்கு ஒரு பாட்டு நேரம் ரோட்டில் இடம் தராவிட்டால் அப்புறம் என்ன ஊர் இது?

பாடுகிற அந்த ஒருவர் நான்தான்.

இது யாரும் திட்டம் போட்டு ஆரம்பித்தது இல்லை. நான் ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் சேர்ந்த புதிது. காலையில் மாரெட்பள்ளியில் பஸ் ஏறினால் சாயங்காலம் அதே பஸ்ஸில் வீடு. ஒரு நாள் வயதான ஃபிட்டர் ஒருவர் கழுத்தில் மாலையும் மடியில் சால்வையுமாக உட்கார்ந்திருந்தார். அன்றுதான் அவருக்குக் கடைசி நாள். அவருடைய ஸ்டாப் வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. டிரைவர் திரும்பிப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இறங்குங்கள் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அவர் முன் சீட்டின் கம்பியைப் பிடித்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. பேசத் தெரியாததால் பாடினேன். சட்டென்று வாய்க்கு வந்தது ஒரு பழைய தமிழ் சினிமாப் பாட்டு. எந்தப் பாட்டு என்று எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் அதை முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவீர்கள், நான் சொல்ல வருவது காதில் ஏறாது. பாட்டு முடிந்ததும் அந்த ஃபிட்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து ஒரு தடவை தலையை ஆட்டினார். எழுந்து இறங்கிப் போனார்.

அடுத்ததாக ரிடையர் ஆனவர் அன்று காலையிலேயே என்னிடம் வந்து, எனக்கும் உண்டுதானே என்று கேட்டார். அப்படியே பழகிப் போயிற்று. பஸ்ஸில் முக்கால்வாசிப் பேர் தெலுங்குக்காரர்கள், மிச்சம் உருது பேசுகிறவர்கள், எங்களைப் போல் ரயில்வே காலத்தில் வந்து தங்கிவிட்ட தமிழர்கள் சில பேர். ஒருவரும் பாட்டை மாற்றச் சொல்லவில்லை. எங்கள் பாஷைக்கு இந்த ஊர்த் தெலுங்குக்காரர்கள் வைத்திருக்கும் கேலிப் பெயர் அரவம். 'அரவப் பாட்டு' என்றே அதற்குப் பெயர் விழுந்தது. அர்த்தம் புரியாமலே அதைக் கேட்டு இறங்கினார்கள். தமிழர்களும் ஒவ்வொருவராக ரிடையர் ஆனார்கள். அவர்களையும் நானே பாடி இறக்கிவிட்டேன்.

என் பக்கத்து சீட்டுக்காரர் குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் ஏறுவார். தெலுங்குக்காரர். என்னைவிடச் சில வயது மூத்தவர். நான் அவரை 'அன்னா' என்பேன். அவர் என்னைத் 'தம்பி' என்பார். தனக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை அதுதான் என்று ஊர் பூராவும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். மாரெட்பள்ளியிலிருந்து டிபன் பையை வைத்து அவருக்கு இடம் பிடித்து வருவேன். அவர் வந்து உட்கார்ந்து வண்டி கிளம்பியதும் அந்தப் பாட்டைத்தான் மெதுவாகப் பாடுவேன். காலையில் குரலைத் துடைத்து வைத்துக்கொள்கிற மாதிரி ஒரு பழக்கம். மியாப்பூர் பக்கம் ஒரு வேகத்தடை உண்டு. பெரும்பாலும் நான் இரண்டாம் சரணத்தில் இருக்கும்போதுதான் அது வரும். வண்டி தூக்கிப் போடும், ஒரு சொல் நடுவில் அறுந்துவிடும். 'ஹும்' என்று ஒரு தடவை செருமிவிட்டு மிச்சச் சொல்லைப் பாடுவேன். அவர் இதையெல்லாம் கவனித்ததாகத் தெரியாது. நான் தொடங்கிய உடனே கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். நம் பாட்டு ஒரு மனிதருக்குத் தூக்கமாவது தருகிறதே என்று இருந்துவிட்டேன்.

போன வருடம் என் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. தைராய்டு என்றார்கள், எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். குரலுக்குப் போகிற நரம்போடு அது ஒட்டிக்கொண்டிருக்கிறது, எடுக்கும்போது குரல் போனாலும் போகலாம் என்று டாக்டர் முன்பே சொன்னார். உயிரா குரலா என்று கேட்டால் யார்தான் குரல் என்பார்கள்? எடுத்தார்கள். குரல் போய்விட்டது. முழு ஊமை இல்லை. காற்றுப் போகிற சைக்கிள் டியூப் மாதிரி ஒரு சத்தம் வரும். பக்கத்தில் இருப்பவர்கள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். மெஷின் ஷாப்பில் அந்தக் குரலை வைத்துக்கொண்டு யாரைக் கூப்பிடுவது? என்னை டிராயிங் பிரிவுக்கு மாற்றினார்கள். அதைக்கூட விழுங்கிக்கொண்டேன். காலையில் குகட்பள்ளி தாண்டியதும் வாயைத் திறந்து, ஒன்றும் வராமல் மூடிக்கொள்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் அப்போதும் வந்து உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொள்வார்.

நான் இப்படி ஆன பிறகு முதலில் ரிடையர் ஆனவர் மியாப்பூரில் இறங்குகிற ஒரு வெல்டர். வழக்கத்தை விடக் கூடாது என்று யாரோ ஒரு இளைஞர் அதே பாட்டை ஃபோனில் தேடிப் பிடித்து வைத்திருந்தார். என்ஜின் நின்றது. ஃபோனை உயர்த்திப் பிடித்தார். பாட்டுக்கு முன்னால் விளம்பரம் வந்தது. சங்காரெட்டி ரோட்டில் சுலபத் தவணையில் பிளாட் வாங்குங்கள் என்று ஒரு பெண் குரல் உற்சாகமாகக் கத்தியது. இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். விளம்பரத்தைத் தள்ளிவிடத் தெரியாமல் அந்த இளைஞர் ஃபோனோடு மல்லுக்கட்டினார். வெல்டர் விளம்பரத்தின் நடுவிலேயே எழுந்து இறங்கிப் போய்விட்டார்.

பஸ் கிளம்பியதும் பக்கத்து சீட்டுக்காரர் என் முழங்காலில் கை வைத்தார்.

"நாக்கு ஃபோன்லோ வத்து, தம்பி" என்றார். எனக்கு ஃபோனில் வேண்டாம் என்று. அப்புறம் விரலால் என் மார்பைத் தொட்டு, "நுவ்வே" என்றார். நீதான்.

அவருக்குச் சில மாதங்களே பாக்கி இருந்தன. என் கழுத்துத் தழும்பைக் காட்டி, எப்படி என்று ஜாடையில் கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காத குணம். கேட்பதைக் கேட்டுவிட்டு, எப்படி என்பதை அடுத்தவன் தலையில் போட்டுவிடுவார்.

வீட்டில் அலமாரிக்கு மேல் என் மகளுடைய யூகுலேலே கிடந்தது. கிடார் குட்டி போட்ட மாதிரி, நான்கு நைலான் தந்தியோடு ஒரு சின்ன வாத்தியம். காலேஜில் படிக்கும்போது ஆசையாக வாங்கினாள். வாங்கிய சூட்டில் கொஞ்ச நாள் தட்டினாள், பிறகு நீலப் பைக்குள் போட்டு மேலே ஏற்றிவிட்டு வேலைக்கு பெங்களூர் போய்விட்டாள். நான் அதை இறக்கித் தூசி தட்டினேன். குரல் இல்லாதவன் ஒரு பாட்டைக் கொடுக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

"இந்த வயசுல இது எதுக்குங்க?" என்றாள் மனைவி. "பஸ்ல வேற யாரையாச்சும் பாடச் சொல்லக் கூடாதா?"

"நக்கோ" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல இருந்த காற்றெல்லாம் செலவாயிற்று. தமிழில் வேண்டாம் என்றால் அவள் இன்னும் பேசுவாள், அதையே இந்த ஊர் உருதுவில் நக்கோ என்றால் விட்டுவிடுவாள். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

ஃபோனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். சுருதி சேர்க்க ஒரு ஆப் இருக்கிறது. தந்தி சரியாக நின்றால் பச்சை காட்டும். இடது கை விரல்களால் தந்திகளைக் குறிப்பிட்ட இடங்களில் அழுத்திக்கொண்டு, வலது கை நகத்தால் எல்லாத் தந்திகளையும் சேர்த்து வருட வேண்டும். அப்படிச் சேர்ந்து வரும் ஒலிக்குக் கார்டு என்று பெயர். சி என்ற கார்டுக்கு ஒரு விரல் போதும். ஏ மைனருக்கும் ஒரு விரல். எஃப்புக்கு இரண்டு. ஜி என்று ஒன்று இருக்கிறது, அது என் உயிரை எடுத்தது. மூன்று விரல்களும் ஒரே சமயத்தில் போய் உட்கார வேண்டும். என் மூன்றாவது விரல் எப்போதும் கல்யாண வீட்டுக்குக் கடைசியாக வருகிற சொந்தக்காரர் மாதிரிதான் வந்து சேரும். அதற்குள் பாட்டு நொண்டிவிடும். விரல் நுனிகள் சிவந்து வலித்தன. இரும்பைத் தொட்டே காய்த்துப்போன கை இந்த நைலானுக்குச் சுணங்கியதில் எனக்கே வெட்கமாக இருந்தது.

ஆனாலும் விடவில்லை. சாயங்காலம் வந்து காபி குடித்ததும் பால்கனியில் உட்கார்ந்துவிடுவேன். கீழே, கீழே, மேலே, மேலே, கீழே என்று நகம் போகும். அந்தப் பாட்டுக்கு எந்த இடத்தில் எந்தக் கார்டு என்று தேடித் தேடிப் பொருத்தினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தொடக்கத்திலிருந்து கடைசி வரை எங்கும் நிற்காமல் முழுப் பாட்டும் வந்துவிட்டது. வாயைத் திறக்கவே இல்லை, ஆனால் உள்ளே நான் பாடிக்கொண்டிருந்தேன். பழைய குரல், பழைய கனம். சரணத்தில் மேலே ஏறும் இடத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு அன்றுதான் முதல் முறையாக என்னை நானே கேட்டேன்.

உடனே மனைவியைக் கூப்பிட்டேன். கோங்கூரா ஆய்ந்துகொண்டிருந்தவள் தட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

"என்ன பாட்டு, சொல்லு பாக்கலாம்" என்று கிசுகிசுத்தேன்.

முழுசும் வாசித்தேன். அவள் கீரையை விட்டுவிட்டு மரியாதையாகக் கேட்டாள்.

"பிள்ளையார் பாட்டா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அப்போ கிரிக்கெட்டுக்கு நடுவுல ஒரு விளம்பரம் வருமே, அதுவா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மறுபடியும் வாசித்தேன், இன்னும் அழுத்தி. இந்தப் பாட்டைக் கல்யாணமான நாளிலிருந்து கேட்டவள் அவள். குளிக்கும்போது, ஸ்கூட்டர் துடைக்கும்போது எல்லாம் இதுதான். அவள் என் முகத்தையே பார்த்தாள். விடை என் முகத்தில் இருக்கும் என்று தேடுகிறாள் என்று தெரிந்தது.

"நல்லாத்தாங்க இருக்கு" என்றாள் கடைசியில். "ஆனா பாட்டைக் காணோமே."

மகளுக்கு வீடியோ கால் போட்டு வாசித்துக் காட்டினேன். தமிழில் கேட்டால் மூன்று பாஷையில் பதில் சொல்கிற பெண் அவள்.

"அப்பா, யே தோ ஒன்லி கார்ட்ஸ் ஹை. டியூன் கிதர் ஹை? நீங்க ஸ்ட்ரம் பண்றது பாட்டுக்கு சப்போர்ட் மட்டும்தான். சம்படி ஹேஸ் டு சிங்."

இது வெறும் கார்டுதான், மெட்டு எங்கே, யாராவது பாட வேண்டும் என்று. சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. அப்புறம், "சாரி அப்பா" என்றாள்.

இத்தனை வயசுக்கு இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் போட்டது பந்தல் மட்டும்தான். அதற்குள் பாட்டு உட்கார்ந்திருப்பது எனக்கு மட்டும் கேட்டது. என் தலைக்குள் அது ஒருநாளும் நின்றதில்லை என்பதால், வெளியே அது இல்லவே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. குரல் போனபோது அழாதவன் அன்றைக்கு அழுதேன் என்று சொல்வதில் எனக்கு ஒன்றும் கூச்சமில்லை.

மகள் சொன்னபடி ஒவ்வொரு சுரமாகத் தந்தியைச் சுண்டி மெட்டையே வாசிக்கப் பார்த்தேன். அந்தப் பாட்டு கீழே இறங்கித்தான் தொடங்கும். இந்த வாத்தியத்தில் அவ்வளவு கீழே சுரமே கிடையாது. மேலே தூக்கி வைத்து வாசித்தால் சரணத்தின் உச்சிக்கு என் விரல் எட்டவில்லை, எட்டினாலும் கொசு பாடுகிற மாதிரி இருந்தது. கற்றுக்கொள்ள இன்னும் ஒரு வருடம் இருந்திருந்தால் ஒருவேளை வந்திருக்கும். அவருக்கோ அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. நான் மறுபடியும் கார்டுகளுக்கே திரும்பினேன். வெறும் கையோடு போவதைவிட வெறும் பந்தலோடு போகலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

கடைசி நாள் காலையில் நீலப் பையோடு பஸ் ஏறினேன். குகட்பள்ளியில் அவர் ஏறினார். புதுச் சட்டை, நெற்றியில் குங்குமம். மடியில் இருந்த பையைப் பார்த்து, "ஏந்திதி, தம்பி?" என்றார். என்ன இது என்று. சாயங்காலம் தெரியும் என்று ஜாடை காட்டினேன். அவர் சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த வேகத்தடை வந்தது. வண்டி தூக்கிப் போட்டது. அவர் கண் திறக்கவில்லை.

சாயங்காலம் அவர் கழுத்தில் மாலை, மடியில் சால்வையும் ஒரு சுவர்க் கடிகாரமும். ஷாப்பில் எல்லோரும் பேசிப் பேசி அவரைக் களைத்துப்போக வைத்திருந்தார்கள். வழி நெடுக அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். அந்தப் பழைய ஃபிட்டர் உட்கார்ந்திருந்த மாதிரியே இருந்தது எனக்கு.

குகட்பள்ளி. மெட்ரோ தூணுக்குப் பக்கத்தில் வண்டி ஓரம் கட்டியது. என்ஜின் நின்றது. பஸ் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் யூகுலேலேயை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு வருட ஆரம்பித்தேன்.

பால்கனியில் நிறைவாகக் கேட்ட சத்தம், அந்த ரோட்டில் இருக்கிற இடம் தெரியவில்லை. ஆட்டோ, பைக், தலைக்கு மேலே ரயில். பக்கத்து வரிசைக்குக் கேட்டிருக்கும், அவ்வளவுதான். கேட்டவர்கள் முகத்திலும் என் மனைவியின் முகத்தில் பார்த்த அதே மரியாதை. யாருக்கும் பிடிபடவில்லை. படம் எடுக்க ஃபோனை உயர்த்திய இளைஞர் மெல்லத் தாழ்த்திக்கொண்டார். பல்லவி போயிற்று, முதல் சரணம் போயிற்று, இரண்டாவதும் போயிற்று. எனக்கு மட்டும் கேட்ட பாட்டு முடிந்தது. நிறுத்தினால் அவர் பாட்டே இல்லாமல் இறங்க வேண்டியிருக்கும். நிறுத்தப் பயந்து முதலிலிருந்து மறுபடி தொடங்கினேன். விரல்கள் வியர்த்து வழுக்கின. தோற்றுவிட்டேன் என்று தெரிந்துதான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

அவர் பாடினார். வாழ்நாளில் ஒரு பஜனையில்கூட வாய் திறக்காத மனுஷன். கண்ணை மூடிக்கொண்டு, மாலையும் கடிகாரமுமாக உட்கார்ந்தபடி, அரவப் பாட்டைப் பாடினார். சுருதி என்னோடு சேரவில்லை. சொற்கள் அங்கங்கே கோணிக்கொண்டு வந்தன. ஒரு வார்த்தைக்கும் அவருக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் ஒரு வரி விடவில்லை. எங்கே நீட்டுவேனோ அங்கே நீட்டினார். எங்கே மூச்சு வாங்குவேனோ அங்கே வாங்கினார். பின் சீட்டுகளிலிருந்து யாரோ முனகிச் சேர்ந்துகொண்டார்கள், பிறகு இன்னும் சிலர். பாட்டு வண்டிக்குள் வந்துவிட்டது.

இரண்டாம் சரணம் வந்தது. வண்டி நின்றுகொண்டிருந்தது, என்ஜின்கூட ஓடவில்லை. அந்தச் சொல்லின் நடுவில் அவர் நிறுத்தினார். 'ஹும்' என்று செருமினார். மிச்சச் சொல்லைப் பாடினார்.

யாரையும் இறக்கிவிடும்போது நான் அப்படிப் பாடியதே இல்லை. நின்ற வண்டியில் அந்த இடத்தை முழுசாகத்தான் பாடுவேன். காலை வேளைகளில் மட்டும்தான், மியாப்பூர் வேகத்தடையில் மட்டும்தான் அது அறுந்தது. இவர் ஒருநாளும் தூங்கியதில்லை. இத்தனை வருடமும் கண்ணை மூடிக்கொண்டு என்னைக் கேட்டிருக்கிறார். தழும்புக்கு அடியில் எங்கேயோ போய்விட்டது என்று நான் கணக்கு முடித்துவிட்ட என் குரல், அவரிடம் பத்திரமாக இருந்தது. எனக்குத் தந்தி கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணீர் விழுந்து விரல் நழுவியது. மூன்றாவது விரல் ஜியில் போய் உட்காரவே இல்லை. யாருக்கும் அது தேவைப்படவுமில்லை.

கடைசி வரியை அவர் பாடி முடித்தார். நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. திரும்பத் திரும்ப அதே கார்டுகளைச் சுற்றிச் சுற்றி வருடிக்கொண்டே இருந்தேன். நான் நிறுத்தாதவரை பாட்டு முடியவில்லை, பாட்டு முடியாதவரை அவர் இறங்க வேண்டியதில்லை. பின்னால் ஹாரன்கள் காதைப் பிளந்தன. டிரைவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் கண் திறந்தார். கடிகாரத்தை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, மற்றக் கையை விரித்து என் தந்திகளின் மேல் வைத்தார். சத்தம் அடங்கியது.

"சாலு, தம்பி" என்றார். போதும். "திகாலி." இறங்க வேண்டும்.

கையை எடுத்துக்கொண்டு எழுந்தார். இறங்கினார்.